பழைய டீசல் பிக்கப்: வாங்கி மூணு வருஷம் ஓட்டினவன் கணக்கு

என் வண்டி எந்தக் கம்பெனி என்று இதில் எழுதப் போவதில்லை. காரணம் பயம் இல்லை. பத்து வருஷம் லோடு அடித்த பிக்கப்பில் கம்பெனிக்காரன் செய்தது பாதிகூட மிச்சமிருக்காது, மீதியெல்லாம் ஓட்டினவன் செய்ததும் பட்டறையில் செய்ததும்தான். ஒரே கம்பெனி, ஒரே வருஷ மாடல் இரண்டு வண்டியை அடுத்தடுத்த நாள் பார்த்தேன். ஒன்று கல்லு மாதிரி உறுதியாக இருந்தது, இன்னொன்றைக் காயலான் கடைக்குத்தான் ஓட்டிப் போகலாம். அதனால் கம்பெனியை விடுங்கள், வண்டியைப் பேசுவோம்.

2012 மாடல், நாலு சிலிண்டர் டர்போ டீசல், பழைய மெக்கானிக்கல் பம்ப், ஒண்ணேகால் டன் ஏற்றலாம். 2022 தை மாதம் வாங்கினேன். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் தோட்டம், தென்னையும் கொஞ்சம் ஆடும். காய் போட்டால் வாடகை வண்டி, தீவனம் எடுத்தால் வாடகை வண்டி, கொப்பரை பெருந்துறை ஏலத்துக்குப் போனால் வாடகை வண்டி. காசை விட, கூப்பிட்ட நேரத்துக்கு வராததுதான் எரிச்சல். புது வண்டிக்குத் தவணை கட்டுகிற அளவுக்குத் தினசரி ஓட்டமும் இல்லை. சரி, பழசு பார்க்கலாம் என்று இறங்கினேன். இரண்டு மாதம், ஒன்பது வண்டி.

நம்ம பக்கம் பழசில் சுற்றிச் சுற்றி நாலு வண்டிதான் கண்ணில் படும். டாடா ஏஸ், 2005-இல் வந்த இரண்டு சிலிண்டர் 702 சிசி குட்டி யானை, சந்துக்குள் நுழைய நல்லது, தோட்டத்து மண் தடத்தில் ஒரு டன் ஏற்றி இழுக்கச் சொல்வது பாவம். டாடா 207, கிட்டத்தட்ட மூணு லிட்டர் இன்ஜின், இழுவைக்குக் குறை சொல்ல முடியாது. மஹிந்திரா பொலிரோ பிக்கப், எந்த ஊர் முக்கிலும் சாமான் கிடைக்கும். 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், ஒண்ணரை லிட்டர் மூணு சிலிண்டர், காமன் ரெயில். இந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். காமன் ரெயில் என்றால் டீசலை அளந்து விட சென்சாரும் ஈ.சி.எம். என்கிற குட்டிக் கம்ப்யூட்டரும் இருக்கும், கோளாறு வந்தால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போக வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் பம்ப் என்றால் பம்ப்–நாசில் (டீசலைப் பீய்ச்சுகிற மூக்கு) கடையில் கழற்றிச் சரி செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு பி.எஸ்.3 என்கிற பழைய புகை விதிப்படி செய்த புது வண்டி விற்பனை நின்றுவிட்டது, 2020 ஏப்ரலிலிருந்து இன்னும் கடுமையான பி.எஸ்.6. அதனால் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி தேடினால் 2017-க்கு முந்தைய மாடலில்தான் தேட வேண்டும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, ஏனென்றால் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் ஸ்பேனர் இருக்கிறது, ஸ்கேனர் இல்லை.

இனி முக்கியமான விஷயம். வண்டி பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள். மீட்டரைத் திருப்பி வைப்பது அரைமணி நேர வேலை. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த வண்டி என்ன லோடு அடித்தது என்பதை. அதை மறைப்பது கஷ்டம்.

பல்லடம் பக்கம் ஒரு வண்டி பார்த்தேன். பெயிண்ட் பளபளவென்று இருந்தது, உள்ளே புது சீட் கவர், விலையும் குறைவு. மத்தியானம் பன்னிரண்டு மணி வெயில். பாடி தகடு சூடேறினதும் லேசாக ஒரு வாடை வந்தது, கோழி வாடை. கறிக்கோழி ஏற்றின வண்டி. எத்தனை தடவை கழுவினாலும், எச்சம் தகட்டு இடுக்கில் தங்கிவிடும், அது இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். கீழே படுத்துப் பார்த்தால் சேசிஸ் மேல் புதுக் கறுப்பு பெயிண்ட், கூட வந்த மெக்கானிக் அண்ணன் ஸ்குரூ டிரைவரால் லேசாகக் குத்தினார், பொறை ரொட்டி மாதிரி உதிர்ந்தது. புரோக்கர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனில் பேச ஆரம்பித்துவிட்டார்.

கேரளாவிலிருந்து மீன் ஏற்றின வண்டிக்கும் இதே கதிதான், உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடியிருக்கும். ஹாலோ பிளாக், எம்.சாண்ட் அடித்த வண்டி என்றால் பின்னால் ஸ்பிரிங் பட்டையை எண்ணிப் பாருங்கள், கம்பெனி கொடுத்ததை விட ஒன்றிரண்டு கூடுதலாக இருந்தால் ஓவர்லோடுதான், வேறு விளக்கம் தேவையில்லை. திருப்பூரில் பனியன் துணி அடித்த வண்டி ஒருவகையில் நல்லது, லோடு பொதியாகத் தெரியுமே தவிர எடை குறைவு. ஆனால் ஊருக்குள்ளேயே கிளட்சை மிதித்து மிதித்து ஓட்டியிருப்பார்கள், கிளட்ச் பிளேட்டும் பிரேக்கும் தேய்ந்திருக்கும், அது காசு கொடுத்தால் தீர்கிற வியாதி. தக்காளி வண்டியும் பரவாயில்லைதான், விடியற்காலையில் சந்தையைப் பிடிக்க விரட்டு விரட்டு என்று விரட்டியிருப்பார்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

நான் வாங்கினது மஞ்சள் வண்டி. நிறம் வெள்ளைதான். கோபி பக்கத்தில் ஒரு பெரியவர், சொந்தத் தோட்டத்து மஞ்சளை ஈரோட்டுக்குக் கொண்டுபோக வைத்திருந்தார். கதவு ரப்பரை விலக்கிப் பார்த்தால் இடுக்கில் மஞ்சள் தூள் மங்கலாகப் படிந்திருந்தது. வருஷத்தில் சில நடை பெரிய லோடு, மற்ற நாளெல்லாம் தீவனமும் உரமும்.

அங்கே போகும்போது எங்க மாமாவும் வந்திருந்தார், லாரி ஓட்டி ஓய்ந்தவர். வண்டியை நெருங்கினதும் ஒரு வார்த்தை பேசாமல் பானட் மேல் கையை வைத்தார். "சில்லுன்னு இருக்குது மாப்பள. சூடா இருந்திருந்தா நமக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம்" என்றார். இது சின்ன விஷயம் இல்லை. டீசல் இன்ஜினின் உண்மைக் குணம் குளிர்ந்த நிலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். இன்ஜினைச் சூடாக்கி எடுக்கவைக்கிற ஹீட்டர் சரியாக இருக்கிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா, செல்ஃப் மோட்டார் எத்தனை சுற்றில் எடுக்கிறது, எல்லாம் அந்தப் பத்து நொடிக்குள். அதனால் காலை ஆறரைக்கே போய் நிற்க வேண்டும், முடிந்தால் சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னால்.

ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து ஓரிரு நிமிஷத்தில் நின்றால் பயப்பட வேண்டாம். நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது: ரிங், வால்வு சீல், இல்லையென்றால் டர்போ சீல். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கறுப்பாகக் கக்கினால் ஏர் ஃபில்டர் அடைப்பிலிருந்து நாசில் வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம், விலை பேச வசதி. அப்புறம் இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, திருகாமல் ஓட்டை மேலேயே கவிழ்த்து வையுங்கள். அது லேசாக ஆடினால் சரி. தாளம் போட்டு எகிறி விழுந்தால் பேக் கம்ப்ரஷன், ரிங் பிஸ்டன் போய்விட்டது, இன்ஜின் இறக்க வேண்டியிருக்கும். எங்கள் மூடி ஆடியது, விழவில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது பெரியவர் அவராகவே சொன்னார்: "தம்பி, ரெண்டாவது கியரு காலைல கொஞ்சம் மொரண்டு பண்ணுமுங்க. ரெண்டு கிலோமீட்டர் போனா சரியாயிருமுங்க. பொய் சொல்லி விக்கறதுக்கில்லீங்க." அதோடு டாஷ்போர்டு பெட்டியிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார், பேரன் பள்ளிக்கூட நோட்டு, முதல் நாலு பக்கம் கூட்டல் கணக்கு. அதற்குப் பிறகு அவர் கையெழுத்து: எந்தத் தேதி ஆயில் மாற்றியது, மீட்டர் எவ்வளவு, எந்தக் கடையில் ஃபில்டர். ஒன்பது வருஷம். நான் வண்டியை வாங்கினது அந்த நோட்டைப் பார்த்துத்தான் என்றால் மாமா இன்றைக்கும் சிரிப்பார்.

விலை 3,60,000 சொன்னார்கள், 3,15,000-க்கு முடிந்தது.

பேப்பர் விஷயத்தில் ஒரு அனுபவம். இதற்கு முன்னால் வேறு ஊரில் ஒரு வண்டிக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கையை விட்டுவிட்டேன். "எஃப்.சி. கரண்ட், இன்சூரன்ஸ் கரண்ட், டேக்ஸ் கரண்ட்" என்று புரோக்கர் மந்திரம் மாதிரி சொன்னார். எஃப்.சி. என்பது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று. கரண்ட்தான், பொய் இல்லை. ஆனால் அரசின் பரிவாகன் இணையத் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தால் வண்டி மேல் உள்ள பைனான்ஸ் கடன் இன்னும் நீக்கப்படவில்லை, அபராதச் சலான் வேறு நிலுவையில். கேட்டால் "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க" என்றார். எவர் பார்த்துக்கொள்வது? பைனான்ஸ் இருந்தால் கடன் கொடுத்த கம்பெனி தருகிற தடையில்லாச் சான்றும் கடன் நீக்குகிற படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பழைய ஓனர் பெயரிலேயே ஓட்டுகிற பழக்கம் நம்மிடம் நிறைய. விபத்து என்று ஒன்று நடந்தால் ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவரைத்தான் கோர்ட் கூப்பிடும். விற்கிறவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குத் தனியாகப் பெர்மிட் வேண்டாம், ஆர்.சி.யில் அந்த எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் தம்பிதான் பாதி நாள் ஓட்டுகிறான், அவனிடம் இருப்பது கார் ஓட்டுகிற சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வண்டி) லைசென்ஸ். 7,500 கிலோ வரை அதுவே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டதால் அந்தக் கவலையும் போயிற்று. யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு இன்சூரன்ஸ். வண்டி பழசு, விலை குறைவு என்பதற்காக மூன்றாம் நபர் பிரீமியம் குறையாது. வாங்கின வருஷம் ஜூனில் நிர்ணயித்தபடி 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. மூணு லட்ச ரூபாய் வண்டிக்கும் அதுதான், பத்து லட்ச ரூபாய் வண்டிக்கும் அதுதான். எட்டு வயசு தாண்டின சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம். அதற்கு முன்னால் பட்டி டிங்கர் வேலை, பெயிண்ட், முன்னால் வெள்ளை பின்னால் சிவப்பு பக்கவாட்டில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் என்று ஒரு வாரம் வண்டி பட்டறையில்.

வாங்கின முதல் மூணு மாதச் செலவு: நாலு டயர் 26,000, பாடி தரைக்குச் செக்கர் தகடு 14,000, கிளட்ச் கூலியோடு 9,500, ரேடியேட்டர் 6,500, பேட்டரி 6,000, ஆயில் ஃபில்டர் வகையறா 5,000. மொத்தம் 67,000. பழைய வண்டி வாங்குகிறவர்கள் கையில் இருக்கிற காசை முழுக்க வண்டி விலையாகவே கொடுத்துவிட்டு அப்புறம் தேய்ந்த டயருக்கு மேல் ரப்பர் ஒட்டின ரீபட்டன் டயரில் ஓட்டுகிறார்கள். விலையில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ரேடியேட்டர் கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது முழுக்க என் தப்பு. கூலன்ட் கொஞ்சம் குறைந்திருந்தது, தோட்டத்து போர் தண்ணீரை ஊற்றிவிட்டேன். எங்கள் போர் தண்ணீரை டம்ளரில் வைத்தாலே மறுநாள் வெள்ளைப் படலம் கட்டும், வீட்டில் சுடுதண்ணீர்ப் பானையைத் தட்டினால் சுண்ணாம்பு ஏடு ஏடாக உதிரும். அது ரேடியேட்டர் குழாய்க்குள் போனால் சும்மா இருக்குமா? தங்கச்சி வீட்டுக்காரருக்கு வால்பாறையில் வாத்தியார் வேலை, வீட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டு போனோம். பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பித்ததும் வெப்ப முள் மேலே போனது, ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ வருவதற்குள் சிவப்பைத் தொட்டுவிட்டது. வரையாடு பார்க்க நின்றவர்கள் கூட்டத்தோடு நானும் பானட்டைத் தூக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது, முகத்தில் அடிக்கும், அதையாவது செய்யாமல் இருந்தேன். கழற்றிப் பார்த்தபோது குழாய் பாதிக்கு மேல் அடைப்பு. பழையது அடைந்துகொண்டு இருந்திருக்கும், முடித்து வைத்தது நான். புதிது மாட்டினோம். இப்போது கடையில் விற்கிற கூலன்டைத் தவிர வேறு எதுவும் ஊற்றுவதில்லை, அவசரத்துக்கு என்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் ஒரு கேன் சீட்டுக்கு அடியில்.

இன்னொரு நாள் ராத்திரி, பெருந்துறையில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது டீசல் முள் அடியில் கிடந்ததைத் தம்பி பார்க்கவில்லை. வண்டி இரண்டு தரம் இருமியது, நின்றுவிட்டது. கேனில் டீசல் வாங்கி ஊற்றினாலும் எடுக்காது, லைனில் ஏர் பிடித்திருக்கும். இதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடத் தேவையே இல்லை. டீசல் ஃபில்டர் மேல் ஏர் எடுக்கிற ஸ்குரூ ஒன்று இருக்கும், அதைக் கொஞ்சம் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் சோப்பு நுரை மாதிரி கொப்பளித்து வரும், அப்புறம் நுரையும் டீசலும் கலந்து, கடைசியில் நுரையே இல்லாமல் கண்ணாடி மாதிரி டீசல் மட்டும் வழியும். அப்போது அமுக்கினபடியே ஸ்குரூவை இறுக்கிவிட வேண்டும். போன் வெளிச்சத்தில் பத்து நிமிஷ வேலை. கையும் சட்டையும் இரண்டு நாளைக்கு டீசல் நாறும். மறுநாள் ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கிற நட்டைத் திறந்தால் ஒரு டீ கிளாஸ் அளவுக்குத் தண்ணீரும் துருவும். அதிலிருந்து மாதம் ஒரு தடவை வடித்துவிடுவது, டேங்க் கால்வாசிக்குக் கீழே போகவிடுவதில்லை என்று இருக்கிறோம்.

மற்றபடி பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆயில் 15 டபிள்யூ 40, புத்தகத்தில் எவ்வளவு போட்டிருந்தாலும் நான் 7,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுகிறேன், பெரியவரின் நோட்டில் அப்படித்தான் இருந்தது. லோடு இழுத்து வந்ததும் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுகிறோம், டர்போ சுற்றுவது நிற்கும்முன் ஆயில் நின்றால் புஷ் தேயும். கிரீஸ் மாதா மாதம். ஸ்பிரிங்கில் ஒரு மெயின் பட்டை உடைந்தது, பட்டறையில் அரை நாள். பின் அச்சில் உள்ள கிரவுன் பல்சக்கரம் லேசாக ஊளையிடுகிறது, "இது இன்னும் பத்து வருஷம் இப்படியே பாடும்" என்று மெக்கானிக் அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். காலியாக 14, லோடோடு 11 கிலோமீட்டர் கொடுக்கிறது, மலையில் 8. காலியாகப் போனால் பின்னால் துள்ளுகிற துள்ளலில் நடுவில் உட்காருகிறவருக்கு இடுப்பு கழன்றுவிடும், வீட்டில் அம்மா ஒரே தடவைதான் ஏறினார்.

யாருக்குச் சரிப்படும் என்று கேட்டால், வாரம் இரண்டு மூணு நடை சொந்த வேலை, பக்கத்திலேயே நம்பிக்கையான மெக்கானிக், வண்டி இரண்டு நாள் படுத்தால் தலைபோகாது என்கிறவர்களுக்கு. தினமும் விடிந்தால் லோடு, அதில்தான் பொழப்பு என்றால் வேண்டாம், புதிதாகவோ நாலைந்து வருஷ வண்டியாகவோ பாருங்கள். தவணை கட்டாததால் பிடித்த வண்டிகளை நிறுத்தி விற்கிற சீசிங் யார்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்பவர்களுக்கு: தவணையே கட்ட முடியாதவர் ஆயில் மட்டும் தவறாமல் மாற்றியிருப்பாரா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

எனக்கு முன்னால் இருக்கிற கேள்வி 2027. அந்த வருஷம் வண்டிக்குப் பதினைந்து வயசு முடிகிறது, பதினைந்து தாண்டின வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரலிலேயே பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். அதற்குள் விற்றுவிடலாம் என்று தம்பி சொல்கிறான், பக்கத்துத் தோட்டத்துக்காரர் 2,60,000 வரை கேட்டுவிட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த மாதம் எஃப்.சி. இருக்கிறது, இடது பக்க இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிகிறது, முதலில் அதற்கு ஒயர்மேனைப் பிடிக்க வேண்டும்.